ஹெட்லைட் மங்கினால் பல்பு மட்டும்தான் காரணமா? படப்பை சாலையில் ஒரு கணக்கு

மாலை ஆறரை மணிக்கு மேல் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து போகிறவர்களுக்கு மூன்று விதமான கார்கள் பழகிப்போயிருக்கும். ஒன்று, ஒற்றைக் கண்ணோடு வரும் கார். பைக் என்று நினைத்து ஒதுங்கினால், பக்கத்தில் வந்த பிறகுதான் அது கார் என்றே தெரியும். இரண்டாவது, இரண்டு விளக்கும் எரிகிற, ஆனால் எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்குகிற கார். மூன்றாவது, இரண்டு விளக்கும் எரிந்தும் மெழுகுவர்த்தி மாதிரி மினுக்கென்று வருகிற கார்.

மூன்றுக்கும் கார்க்காரர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "பல்பு மாத்தணும்."

மாற்றுகிறார்கள். சில நாளில் பழைய கதை திரும்புகிறது. அடுத்து ஸ்விட்ச் மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், "பேசாம எல்இடி போட்டுடுங்க" என்று முடிகிறது. இந்தப் பயணத்தில் யாருமே செய்யாத ஒரு வேலை இருக்கிறது: கோளாறு எங்கே என்று அளந்து பார்ப்பது. படப்பை மாதிரி ஒரு ஊரில் இது சொந்தப் பணம் வீணாகிற விஷயம் மட்டுமல்ல. எதிரே வருகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

கார் பிறக்கும் ஊரின் இருட்டு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியைத் தமிழ்நாட்டின் கார் தொட்டில் என்றே சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஹெட்லைட் தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்று கொஞ்சம் தள்ளி, பூந்தமல்லியை ஒட்டிய புதுச்சத்திரத்தில்.

அதாவது, ஒரு ஹெட்லைட்டை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அதிகம் வாழும் பகுதி இது. ஆலையின் வாசலைத் தாண்டும்போது ஒவ்வொரு காரின் விளக்கும் எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதே கார் பத்து வருஷம் கழித்து, இரண்டு மூன்று கை மாறி, அதே சாலையில் இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த விளக்கைப் பார்க்க ஆள் இல்லை.

அந்தச் சாலையில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் மட்டும் ஓடவில்லை. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவர்கள், பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிற பெண்கள், சாலையோரம் படுத்திருக்கும் மாடுகள் எல்லாமே அந்த வெளிச்சத்தை நம்பித்தான் இருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிகமாகத் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க நடக்கும் விபத்துகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாலை 6 முதல் 9 மணிக்குள் நடப்பவை. இவை எல்லாவற்றுக்கும் ஹெட்லைட் காரணம் இல்லை. ஆனால் ஹெட்லைட் தேவைப்படும் நேரம் அதுதான்.

மின்சாரம் வரும் வழி

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச் ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் வயர் வழியாகக் கப்ளருக்கு வந்து, பல்பை எரியவைத்து, பிறகு எர்த் வயர் வழியாக பாடிக்குப் போய் மறுபடி பேட்டரிக்கே திரும்புகிறது. சில பழைய மாடல்களில் ரிலே கிடையாது. முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே போகும். அந்த வண்டிகளில் ஸ்விட்ச் சீக்கிரம் கருகுவதற்கு அதுவே காரணம்.

பலரும் மறந்துபோவது அந்தக் கடைசிப் பகுதியை. போகிற வழியைப் போலவே திரும்பி வருகிற வழியும் நன்றாக இருந்தால்தான் விளக்கு முழுதாக எரியும். எர்த் போல்ட்டில் துரு ஏறியிருந்தால், எவ்வளவு விலையுள்ள பல்பு போட்டாலும் மங்கலாகத்தான் எரியும்.

அறிகுறியே பாதி பதில்

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? லோ பீமா, ஹை பீமா? எப்போதுமா, சூடானதும் மட்டுமா? இந்த மூன்று கேள்வியிலேயே பாதித் தூரம் கடந்துவிடலாம்.

• ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: பெரும்பாலும் அந்தப் பக்கத்து பல்பு, ஃப்யூஸ், கப்ளர் அல்லது எர்த். ஸ்விட்ச் மேல் சந்தேகப்படத் தேவையில்லை; ஸ்விட்ச் இரண்டு பக்கத்துக்கும் பொது.

• லோ பீம் இரண்டு பக்கமும் இல்லை, ஹை பீம் நன்றாக எரிகிறது: இரண்டு பல்பும் ஒரே நொடியில் போவது அபூர்வம். ஆனால் ஒன்று முன்பே போய், கவனிக்காமல் ஓட்டி, இப்போது மற்றதும் போயிருக்கலாம். பல்பைக் கழற்றி உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இழை நன்றாக இருந்தால் பொதுவான இடங்களைப் பார்க்க வேண்டும்: லோ பீம் ரிலே, டிம்மர் ஸ்விட்ச்.

• ஸ்விட்சை லேசாக அழுத்திப் பிடித்தாலோ ஆட்டினாலோ எரிகிறது: உள்ளே இருக்கும் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது. இந்த அறிகுறி இருந்தால் முதல் சந்தேகம் ஸ்விட்ச் மேல்தான்.

• பத்து, பதினைந்து நிமிஷம் எரிந்து அணைகிறது. ஆறினால் மறுபடி எரிகிறது: எங்கேயோ சூடாகிறது. பல்பு ஹோல்டரும் கப்ளரும் பழுப்பு நிறமாகியிருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிலேயும் ஸ்விட்ச்சும் அடுத்த சந்தேகம்.

• இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது: எர்த் சரியில்லை. திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகப் போகப் பார்க்கிறது.

• ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: எங்கேயோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. "பெரிய ஃப்யூஸா போட்டுடலாம்" என்பது இந்த இடத்தில் சொல்லவே கூடாத வார்த்தை. சிவப்பு ஃப்யூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகினால், ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

ரிலே மேல் சந்தேகம் வந்தால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஹெட்லைட் ரிலேயும் ஒரே எண் கொண்டவை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

"கரன்ட் வருது சார், ஆனா எரியலை"

தவறான முடிவுகள் அதிகம் பிறப்பது இந்த வாக்கியத்தில்தான். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "வயரிங் நல்லாத்தான் இருக்கு, பல்புதான்" என்று முடிவாகிவிடும். இதில் என்ன பிழை?

ஒரு வயருக்குள் பல மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அறுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பல்பைக் கழற்றியிருக்கும்போது மின்சாரம் ஓடவில்லை. அதனால் அந்த ஒற்றைக் கம்பியே 12 வோல்ட்டை மீட்டருக்குக் காட்டிவிடும். பல்பை மாட்டியதும் நான்கரை ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒற்றைக் கம்பியால் அவ்வளவு தாங்க முடியாது. பஞ்சாயத்துக் குழாயை மூடி வைத்திருக்கும்போது பிரஷர் இருக்கிற மாதிரிதான் தெரியும். திறந்தால்தானே அடைப்பு தெரியும்!

எனவே விதி ஒன்றுதான்: விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். இதற்கு 'வோல்டேஜ் டிராப்' சோதனை என்று பெயர். சாதாரண மீட்டரே போதும்.

ஓர் உதாரணக் கணக்கு. எஞ்சின் ஓடுகிறது, லோ பீம் எரிகிறது. பேட்டரியில் 13.8 வோல்ட். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையைப் பல்பு கப்ளரின் பின்பக்கம் லோ பீம் வயரிலும் வைத்தால் 0.4 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அதாவது ஃப்யூஸ், ரிலே, ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து தின்றது அவ்வளவுதான்; அவை நன்றாக இருக்கின்றன. அடுத்து, பல்பின் எர்த் வயரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு அளந்தால் 1.7 வோல்ட். இங்கே 0.2-க்கு மேல் வரக் கூடாது. ஆக, கோளாறு எர்த்தில்.

பல்புக்குப் போய்ச் சேர்ந்தது 11.7 வோல்ட். குறைந்தது 2.1 வோல்ட்தானே என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பின் குணம் அப்படியில்லை. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இந்த உதாரணத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் வெளிச்சம் போயிருக்கும். முன்பு 60 மீட்டரில் தெரிந்த ஆள், ஏறக்குறைய 45 மீட்டரில்தான் தெரிவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், டிரைவர் சுதாரித்து பிரேக் போட்டு நிற்பதற்குச் சுமார் 45 மீட்டர் வேண்டும். மிச்சம் என்று ஒன்றுமே இல்லை.

இந்த வண்டிக்கு ஸ்விட்ச் மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும்; வெளிச்சம் வந்திருக்காது. தேவைப்பட்டது ஒரு துண்டு உப்புத்தாள். எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கி மாட்டினால் முடிந்தது.

மழை, வெள்ளம், எலி

இந்தப் பகுதிக்கென்றே சில காரணங்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீரில் நின்ற கார் அன்றைக்கே கெடுவதில்லை. எஞ்சினைக் கழுவி, சீட்டைக் காயவைத்து, ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். கப்ளருக்குள் புகுந்த ஈரம் மெல்ல வேலை செய்து, மாதக் கணக்கில் கழித்துச் செம்பில் பச்சைக் களிம்பாக வெளியே வரும். அதற்குள் அந்தக் கார் வேறு ஒருவர் பெயருக்கு மாறியிருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் டயரையும் கிலோமீட்டரையும் பார்க்கிறார்கள். ஹெட்லைட் கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது எலி. ஏரிக்கரையும் வயலும் புது மனைப் பிரிவுகளும் கலந்து கிடக்கிற ஊர்களில், நான்கு நாள் எடுக்காத காரின் பானெட்டுக்குள் எலி குடித்தனம் வைத்துவிடும். கடித்த வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது அவசரத்துக்குச் சரி. அதை நிரந்தரமாக விட்டால் அடுத்த மழையில் அந்த ஜாயின்ட்தான் முதலில் களிம்பு ஏறும்.

எல்இடி போட்டால் தீருமா?

தீராது; பெரும்பாலும் இடம் மாறும். ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த கிண்ணத்தில், இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் வெளிச்சம் கீழே விழும்படி வளைவு போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் வேறு அளவுள்ள எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று இருக்கும். எதிரே வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 வாட் பல்பு போடுவது இன்னொரு பழக்கம். 100 வாட் என்றால் ஒரு பல்புக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். இரண்டுக்கும் சேர்த்து 16-ஐத் தாண்டும். பத்து ஆம்பியரை மனதில் வைத்துச் செய்த வயரும் ஸ்விட்ச்சும் அதைத் தாங்காது. ஹோல்டர் உருகுவதும் ஸ்விட்ச் கருகுவதும் இப்படித்தான். "கம்பெனி ஸ்விட்ச் சரியில்லை" என்று பழி மட்டும் வேறு பக்கம் போகும்.

புதிய கார்களில் கதை வேறு. அங்கே ஸ்விட்ச் வழியாக விளக்குக்கு மின்சாரம் போவதில்லை. "விளக்கைப் போடு" என்ற செய்தி மட்டும் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிறது. இதில் டெஸ்ட் லேம்பைக் கண்ட இடத்தில் குத்தினால் யூனிட்டே போய்விடலாம். ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். 2014-ன் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம், லோ பீமைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் சூடேறிச் செயலிழந்தது. அந்த வண்டிகளில் பல்பை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஸ்டியரிங் பக்கத்தில் ஏர்பேக் இருக்கும் கார்களில் ஸ்விட்சை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கும் துணிச்சலும் வேண்டாம்.

சட்டம் எங்கே தூங்குகிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, இரவில் முன்விளக்கு 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆட்களையும் வாகனங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும். அதே சமயம் லோ பீம், எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 2019-ன் சட்டத் திருத்தம் சொல்கிறது. விதியில் குறையில்லை.

சோதிப்பது எப்போது? வாடகை வாகனங்களுக்கு முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம் தகுதிச் சான்று வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அந்த ஹெட்லைட்டைச் சட்டப்படி யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றுகிற சொந்த போர்டு கார்களுக்கும் இதே 15 ஆண்டுதான்.

முரண்பாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சம்பவம். 2020 நவம்பரில் மாருதி சுசூகி 40,453 ஈக்கோ வாகனங்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. விளக்கு எரியாததாலா? இல்லை. ஹெட்லைட்டில் இருக்க வேண்டிய தர முத்திரை விடுபட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக. உற்பத்தியாளரிடம் ஒரு முத்திரைக்கு இவ்வளவு கண்டிப்பு. அதே நாட்டில், எந்த முத்திரையும் இல்லாத பல்பைக் கடையில் வாங்கி, அன்றைக்கு ராத்திரியே மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கலாம்.

செய்யக்கூடியது என்ன?

புகைச் சான்றுக்காக ஒவ்வொரு காரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு மையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஹெட்லைட் கோணத்தை அங்கேயே பார்க்க வைக்கலாம். சம தரை, கோடு போட்ட ஒரு சுவர், ஐந்து நிமிஷம். பத்து மீட்டர் தள்ளி நிறுத்தினால், லோ பீமின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால் இடதுபுறம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். இதற்குப் பெரிய இயந்திரம்கூடத் தேவையில்லை.

"புகைச் சான்றே பேருக்குத்தான் நடக்குது, இதுல இது வேறயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புகையின் அளவைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. சுவரில் விழும் வெளிச்சத்தைக் கார்க்காரரே நின்று பார்க்கலாம். சான்றோடு ஒரு புகைப்படத்தையும் இணைக்கச் சொன்னால் ஏமாற்றுவது இன்னும் கடினம். முதல் கட்டமாக ஏழு வருஷம் தாண்டிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தாலும் போதும்.

இரண்டாவது பொறுப்பு ஒர்க்‌ஷாப்புகளுடையது. "ஸ்விட்ச் மாற்றப்பட்டது" என்று மட்டும் பில் போடாமல், மாற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட், பின் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண்களை எழுதலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் டாக்டர் பெரிய மருந்து எழுதினால் கேள்வி கேட்கிற நாம், மீட்டர் வைக்காமல் ஸ்விட்ச் மாற்றுபவரிடம் மட்டும் ஏன் பேசாமல் பணம் கொடுக்கிறோம்? அளந்து பார்க்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதைக் கார்க்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். "பார்த்ததுக்கெல்லாம் காசா?" என்று கேட்கிற ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள்; நேராக மாற்றத்தான் செய்வார்கள். சாலையோரக் கடைகளில் அனுபவத்தாலேயே இதைச் சரியாகச் செய்கிற கைகள் இருக்கின்றன. அந்த வேலைக்கு மதிப்புக் கொடுத்தால் அது பரவும்.

மூன்றாவது, ஒரகடத்து ஆலைகள். ஊழியர்களை ஏற்றிவரும் வேன், கார்களின் ஒப்பந்தத்தில் இன்ஷூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் எல்லாம் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெட்லைட் சோதனை என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை. கார் செய்கிற கம்பெனியின் வாசலில் நிற்கிற வண்டிக்கே விளக்கு சரியில்லை என்றால் அது யாருக்கும் பெருமையல்ல.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு மாலை, வீட்டுச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில், ஒரே பளிச்சில் விழுகிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். ஒன்று மங்கலாக இருந்தால் கடைக்குப் போய் முதலில் சொல்ல வேண்டியது "பல்பு மாத்துங்க" அல்ல. "எங்க வோல்ட் குறையுதுன்னு அளந்து சொல்லுங்க."